அறுபத்தோராவது பொட்டலம்

சல்லடையக்கா தென்துருவத்தில் கால் வைத்தபோது அங்கிருந்த பென்குயின்கள் அத்தனையும் எழுந்து நின்று மரியாதை செய்தன. பென்குயின்கள் எப்போதுமே நின்றுகொண்டுதான் இருக்கின்றன, யார் வந்தாலும் நிற்கும், வராவிட்டாலும் நிற்கும் என்று விவரம் தெரிந்த யாராவது இடைமறிக்கலாம். சரி, அதைக் கொஞ்சம் ஊதிச் சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு கப்பல் நிறைய வந்தவர்களின் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் அவர் குடைந்து முடித்ததும், அதற்குப் பரிசாக அவரையே கரையில் இறக்கக் கூடாது என்று பேச்சு எழுந்ததும் ஊதாத செய்திகள்.

சல்லடை என்பது வீட்டில் வைத்த பெயரில்லை. விதைப் பரிசோதனை நிலையத்தில் உடன் வேலை பார்த்தவர்கள் சூட்டியது. முப்பத்து மூன்று வருஷம் அங்கே இருந்தார். நிலையம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாடி, மூன்று அறை, படியேறும்போதே மூக்கில் ஏறுகிற சாக்கு வாசனை. நடு அறையில் ஜன்னலை ஒட்டி நான்கு மேசைகள். ஒவ்வொரு மேசையின் நடுவிலும் பால் நிறத்தில் ஒரு கண்ணாடிப் பலகை, அதற்கு அடியில் விளக்கு. விற்பனைக்குப் போகும் விதை மூட்டைகளிலிருந்து மூட்டைக்கு ஒரு கைப்பிடி, மாதிரிக்காகத் துணிப்பையில் வந்து சேரும். அதைக் கண்ணாடியில் கொட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக நகர்த்தி, நான்கு குவியலாகப் பிரிக்க வேண்டும். முதல் குவியல் நல்ல விதை. இரண்டாவது, வழி தவறி வந்த வேறு பயிரின் விதை. மூன்றாவது களை விதை. நான்காவதில் தூசு, துரும்பு, கல், வண்டின் கால். மூன்றாவது குவியலுக்குப் போக வேண்டிய ஒன்று முதல் குவியலில் ஒளிந்துகொண்டால், எங்கோ ஒருவருடைய வயலில் அது அடுத்த பருவத்தில் தலைதூக்கும். அதற்கடுத்த பருவத்தில் வயலே அதனுடையதாகிவிடும். சல்லடையக்காவிடம் அப்படி ஒன்று தப்பியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

அந்த அறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எடுத்த விதையை எறியக் கூடாது. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு களை விதையை எடுத்து ஜன்னல் வழியே ஊதிவிட்டார். மேலாளர் பார்த்துவிட்டார்.

"ஊதிட்டியே. இப்போ நீ கண்டுபிடிச்சதுக்கு என்ன சாட்சி?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபிக்கவில்லை.

அன்றைக்கு அவர் கற்றுக்கொடுத்ததுதான் பொட்டலம். உள்ளங்கை அகலக் காகிதம், ஏழு மடிப்பு, பசை கிடையாது, நூல் கிடையாது, தலைகீழாக உதறினாலும் உள்ளே இருப்பது விழாது. மேலே எந்த மூட்டை, எந்தத் தேதி, என்ன விதை, எத்தனை. கட்டி முடித்தால் பின்னறை அலமாரிக்குப் போய் ஒரு வருஷம் இருக்கும். முப்பத்து மூன்று வருஷத்தில் அந்த ஏழு மடிப்பு சல்லடையக்காவின் விரலிலேயே ஊறிவிட்டது. வீட்டில் சட்டைப் பொத்தான் பொட்டலத்தில் இருக்கும். உடைந்த கடிகாரத்தின் முள் பொட்டலத்தில் இருக்கும். விருந்தாளி வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் ஒட்டியிருப்பதைப் பிரியமாக எடுப்பார். என்ன பாசம் என்று விருந்தாளி உருகுவார். சல்லடையக்கா அதை வெளிச்சத்தில் பிடித்து, "ஆத்தோரமா வந்தீங்களா?" என்று கேட்பார்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவருடைய நாத்தனார் வந்து சாப்பாட்டு மேசையில் ஒரு வண்ணப் புத்தகத்தைப் போட்டார். நாத்தனார் பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவர். வருஷா வருஷம் உலகப் படத்தைக் கரும்பலகையில் வரைவார். அடியில் இடம் போதாமல் தென்முனையை மட்டும் பாதியோடு வெட்டிவிடுவார். அந்த வெட்டின பாதி மனசில் உறுத்திக்கொண்டே இருந்ததாம்.

"அண்ணி, நீங்க என்கூட வர்றீங்க."

"எங்க?"

"தென்துருவம். கப்பல்ல. ஒருத்தி போனாலும் அறைக்கு ரெண்டு பேர் காசு கேக்கறான். வேற யாரோடயும் என்னால தூங்க முடியாது. நீங்க குறட்டை விட மாட்டீங்க."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதைப் பார்க்கத்தான் எல்லாரும் போறாங்க."

நாத்தனாரின் அண்ணன், அதாவது சல்லடையக்காவின் வீட்டுக்காரர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "ஒண்ணும் இல்லாததைப் பார்க்க அவ்வளவு தூரமா? என் அலமாரியைத் திறந்து காட்டறேன், வா."

"அண்ணா, உன்னை யாரும் கூப்பிடல. பூங்கா குளத்துல படகு ஏறிட்டு மூணு நாள் படுத்தவன் நீ."

சல்லடையக்கா புத்தகத்தைப் புரட்டினார். பனி, பனி, கடல், பனி. நடுவில் ஒரு பக்கத்தில் கறுப்பாகக் கொஞ்சம் கரை தெரிந்தது. கூழாங்கல்லும் மணலுமாக. அதன்மேல் விரலை வைத்தார்.

"இங்க என்ன முளைக்கும்?"

"எங்கயோ ஒரு ஓரத்துல ரெண்டே ரெண்டு பூச்செடி இருக்கு. அங்கங்க பாசி. நாம போற இடத்துல அதுவும் கிடையாது."

"அப்போ இந்த மண்ணுல விதையே இருக்காது."

"எப்படி இருக்கும்?"

தம் வாழ்நாளில் ஒரு கைப்பிடி மண்ணைக்கூடச் சல்லடையக்கா சும்மா பார்த்ததில்லை. பூத்தொட்டியோ, பேருந்து நிறுத்தமோ, பல்லிடுக்கு மாதிரி இருக்கிற நடைபாதை விரிசலோ, எதைப் பார்த்தாலும் கண் முதலில் மூன்றாவது குவியலைத்தான் தேடும், தேடினால் கிடைக்கவும் செய்யும். மூன்றாவது குவியலே இல்லாத ஒரு சாண் நிலம் பூமியில் எங்கோ இருக்கிறது என்பதை அவர் அன்றுதான் யோசித்துப் பார்த்தார்.

"வர்றேன்," என்றார். "ஆனா நான் பென்குயின் பார்க்க வரல. அந்த மண்ணை லென்ஸ் வச்சு ஒரு தடவை பார்க்கணும். அது போதும் எனக்கு."

"எடுத்துட்டு வரக் கூடாது அண்ணி, கல்லைக்கூடத் தொடக் கூடாதாம்."

"யாரு எடுத்துட்டு வரப்போறா? பார்க்கணும்னுதானே சொன்னேன்."

இப்படித்தான் இருவரும் விமானம் மாறி விமானம் ஏறி, காற்று ஓயாத ஒரு துறைமுகத்தில் கப்பலைப் பிடித்தார்கள். நூறு பேர் போகிற சின்னக் கப்பல். இரண்டு கட்டில், ஒரு வட்ட ஜன்னல், ஒரு மேசை, கதவுக்குப் பின்னால் இரண்டு சிவப்புக் கோட்டு. கரை மறைந்த ஒரு மணி நேரத்தில் நாத்தனார் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். எந்தப் பெருங்கடலில் எந்த நீரோட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று முப்பது வருஷம் ஒப்பித்தவர், இப்போது ஒவ்வொன்றும் தம் வயிற்றுக்குள் ஓடுவதாக முனகினார். கப்பல் மருத்துவர் ஒரு குப்பி மாத்திரை கொடுத்தார். ஆடுகிற கப்பலில் அதன் மூடியைத் திறப்பது பெரும்பாடாக இருந்ததால், சல்லடையக்கா வேளைக்கு ஒன்றாகக் காகிதத்தில் மடித்து, தேதி, காலை, மாலை என்று எழுதி, மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டார். நாத்தனார் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டுவார், காகிதத்தைப் பிரித்து வாயில் கவிழ்ப்பார், தண்ணீர் குடிப்பார், மறுபடி கவிழ்ந்து படுப்பார்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. கரையில் இறங்கப் போகிறவர்கள் அனைவரும் வெளியே போட்டுக்கொள்ளும் துணி, பை, தொப்பி, கையுறை, கேமரா முக்காலி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வரவேண்டும். அங்கே கப்பலின் தாவரவியலாளர் காத்திருந்தார். நாற்பது வயதுப் பெண். தலைமுடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டி, கழுத்தில் லென்ஸைத் தொங்கவிட்டிருந்தார். அந்த லென்ஸைப் பார்த்ததுமே சல்லடையக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"நம்ம ஊர்ப் புல் விதை ஒண்ணு உங்க கோட்டு மடிப்புல உட்கார்ந்து கரைக்கு வந்தா போதும்," என்றார் தாவரவியலாளர். "அங்க அதுக்குப் போட்டியே கிடையாது. பரவ ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. அதனால மடிப்பு, பாக்கெட்டு, தையல், வெல்க்ரோ எதையும் விடாதீங்க. கிடைக்கறதெல்லாம் இந்தச் சிவப்புப் பையில. சாயந்தரம் எரிச்சுடுவோம்."

இருபது மேசை. மேசைக்கொரு வாக்குவம் கிளீனர், ஒரு தூரிகை, ஒரு இடுக்கி. ஆட்கள் தங்கள் கோட்டுகளைக் கூச்சத்தோடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். சல்லடையக்கா தம் கோட்டையும் நாத்தனாரின் கோட்டையும் கால் மணியில் முடித்துவிட்டுச் சும்மா நிற்க முடியாமல் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கையுறையை இப்படிக் குடுங்க. வெல்க்ரோவைத் தூரிகையால தேய்ச்சா உள்ளதான் போகும். நுனியில பிடிச்சு எடுக்கணும்."

"இது புதுக் கையுறைம்மா. போன வாரம்தான் கடையில வாங்கினேன்," என்றார் கையுறைக்காரர்.

"கடையில உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் போட்டுப் பார்த்திருக்கார். அவர் வீட்டுல நாய் இருக்கு. முடியும் இருக்கு பாருங்க, ஒட்டுப்புல்லும் இருக்கு பாருங்க."

கையுறைக்காரர் வாயைப் பிளந்தார். அடுத்த மேசையில் ஒரு பல் டாக்டர் மனைவியோடு நின்றிருந்தார். சல்லடையக்கா அவருடைய வலது காலுறையைத் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டர், ஷூ போடாம சாக்ஸோட புல்லுல நடப்பீங்களா?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "காலையில கொஞ்ச நேரம். வீட்டுல யாருக்கும் தெரியாது."

"இப்போ தெரிஞ்சுபோச்சு," என்றார் மனைவி. "சாக்ஸ் ஏன் ஓட்டையாகுதுன்னு ஆறு வருஷமா கடைக்காரனைத் திட்டிட்டிருக்கேன்."

அதற்குள் வரிசை கூடிவிட்டது. வாக்குவம் கிளீனர்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஜோசியம் பார்க்க வந்தவர்களைப்போல ஆட்கள் கோட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவரும் எங்கே இருந்தார், எதன்மேல் சாய்ந்தார், எந்த வேலியைத் தாண்டினார் என்பதைச் சல்லடையக்கா மடிப்பிலிருந்து எடுத்துச் சொன்னார். பாதி சரி, பாதி அடித்துவிட்டதுதான். ஆனால் அடித்துவிட்டதையும் பலபேர் ஒப்புக்கொண்டார்கள். சாயந்தரம் தாவரவியலாளர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு வருஷமா இந்த வேலை செய்யறேன்மா. ஒரு நாள்கூட இவ்வளவு சுத்தமா முடிஞ்சதில்ல," என்றார்.

தவறு எங்கே நடந்தது என்றால் விரலில் நடந்தது. பஞ்சு, முடி, நூல், மணல் எல்லாவற்றையும் சல்லடையக்கா ஒழுங்காகச் சிவப்புப் பையில்தான் போட்டார். விதை வந்தபோது மட்டும் கை தானாகக் காகிதத்துக்குப் போயிற்று. ஏழு மடிப்பு. மேலே அறை எண், எந்தத் துணி, எந்த இடம், என்ன விதை, எத்தனை. தூசும் விதையும் ஒரே பையில் போகலாம் என்பது அந்தக் கைக்குத் தெரியாது. அறைக்குத் திரும்பியதும் பொட்டலங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, ஒரு தாளில் பட்டியல் எழுதி, மேசைமேல் வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

மறுநாள் காலை தாவரவியலாளர் கதவைத் தட்டினார்.

"அம்மா, ஒரு உதவி. நேத்து என்னென்ன விதை கிடைச்சுதுன்னு அறிக்கை எழுதணும். உங்களுக்கு ஞாபகம் இருக்கறதைச் சொன்னா போதும்."

"ஞாபகம் எதுக்கு?" என்று சல்லடையக்கா டப்பாவை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண் தாளை நீட்டுகிற மாதிரி நீட்டினார்.

தாவரவியலாளர் ஒரு பொட்டலத்தை எடுத்துப் படித்தார். இன்னொன்றை எடுத்துப் படித்தார். அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இதெல்லாம் எரிஞ்சுபோச்சுன்னு நேத்து கையெழுத்துப் போட்டேனேம்மா."

"எரிச்சுட்டா சாட்சி?"

"விதை ஒண்ணுகூட இல்லாத இடத்துக்குப் போற கப்பல்ல, எல்லாரும் பயப்படற விதையா பார்த்துப் பொறுக்கி டப்பாவுல வச்சிருக்கீங்க. உயிரோட."

அப்போதுதான் சல்லடையக்காவுக்கு உறைத்தது. வாழ்நாள் முழுக்கக் களை விதையை வெளியே எடுத்தவர், இப்போது அதை மூட்டை கட்டி உள்ளே கொண்டுபோகிறவராகி நின்றார். பட்டியலை எடுத்து நீட்டினார். "எண்ணிப் பாருங்க. அறுபத்தொண்ணு."

எண்ணினார்கள். அறுபது.

மறுபடி எண்ணினார்கள். அறுபதுதான். பட்டியலோடு ஒத்துப் பார்த்ததில், பல் டாக்டரின் வலது சாக்ஸ், காட்டுக்கடுகு, ஒன்று என்கிற பொட்டலத்தைக் காணோம்.

"அம்மா," என்றார் தாவரவியலாளர் மெதுவாக. "நாளைக்குக் காலையில ஒரே ஒரு தடவைதான் இறங்கறோம். அதுக்கப்புறம் காத்து மாறுது, கேப்டன் திரும்பறார். அந்த ஒண்ணு எங்கன்னு தெரியற வரைக்கும் இந்த அறையிலேர்ந்து யாரையும் என்னால கரைக்கு அனுப்ப முடியாது. ரெண்டு பேரையும்தான்."

அவர் போன பிறகு சல்லடையக்கா தரைக்கம்பளத்தில் மண்டியிட்டார். அறையைக் கண்ணாலேயே கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, லென்ஸை வைத்து, கதவிலிருந்து ஆரம்பித்தார். தமக்குக் கிடைக்காமல் போவது ஒரு சாண் மண். அதை விழுங்கிக்கொள்ளலாம். ஆனால் கட்டிலில் படுத்திருப்பவள் முப்பது வருஷமாக அந்த இடத்தைப் பாதி வரைந்து பாதியை வெட்டியவள். இவ்வளவு தூரம் வந்து வட்ட ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்தப் பழி யாருடைய ஏழு மடிப்புக்கு?

"நான் போய் அவங்ககிட்ட சொல்றேன். தப்பு என்னோடது. என்னை நிறுத்திக்கட்டும், உன்னை விட்டுடட்டும்," என்றார் தரையிலிருந்தே.

"அண்ணி இல்லாம நான் மட்டும் இறங்கி அங்க யாருக்குப் பாடம் நடத்தறது? பேசாம தேடுங்க." நாத்தனார் எழுந்து உட்கார்ந்துவிட்டிருந்தார். கப்பலேறிய பிறகு முதல் முறையாக அவர் கன்னத்தில் நிறம் இருந்தது. "இன்னிக்கு எனக்குத் தலைசுத்தே இல்ல தெரியுமா? பசிக்கக்கூடச் செய்யுது. நேத்து சாயந்தரம் போட்டேனே அந்த மாத்திரைதான் மாத்திரை. மத்ததெல்லாம் தண்டம்."

"எல்லாம் ஒரே மாத்திரைதான்."

"இல்ல அண்ணி, இது ரொம்பப் பொடிசு. வாயில விழுந்ததே தெரியல. லேசா ஒரு காரம். நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க, நானே கையை விட்டு எடுத்துக்கிட்டேன்."

சல்லடையக்கா கம்பளத்திலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினார். மேசையைப் பார்த்தார். நேற்றைய தேதியிட்ட மாலைப் பொட்டலம் பிரிக்காமல் வைத்த இடத்திலேயே இருந்தது.

"எதுலேர்ந்து எடுத்தே?"

"அந்த டப்பாவுலேர்ந்து. திறந்துதானே இருந்துச்சு?"

"காகிதம் எங்க?"

நாத்தனார் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைத் திறந்தார். பக்க அடையாளமாக வைத்திருந்தது அதுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் எழுதியிருந்ததை முதல் தடவையாக வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் அந்தப் பல் டாக்டரோட சாக்ஸையா சாப்பிட்டேன்?"

"சாக்ஸை இல்ல. சாக்ஸுல இருந்ததை."

"அது எவ்வளவோ மேல்," என்றார் நாத்தனார்.

விஷயம் பயணத் தலைவரிடம் போயிற்று. உயரமான, எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பவர்போன்ற மனிதர். தாவரவியலாளர் சொல்லி முடிக்கிறவரை முகத்தில் ஒரு சலனமும் காட்டவில்லை. பெண்கள் இருவரும் தலைமையாசிரியர் அறையில் நிற்பதுபோல நின்றார்கள்.

"அப்போ விதை இருக்கிற இடம் தெரிஞ்சுபோச்சு," என்றார் தலைவர்.

"தெரிஞ்சுபோச்சு," என்றார் தாவரவியலாளர். "கப்பல்லதான் இருக்கு. கப்பல்லதான் வெளிய வரும். கரையில யாரும் ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போகக் கூடாதுன்னு நமக்கு ஏற்கெனவே விதி இருக்கு சார்."

தலைவர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "கரையில ஒன்றரை மணி நேரம். தாங்குவீங்களா?"

"முப்பது வருஷம் வாத்தியார் வேலை சார். தொடர்ந்து நாலு பீரியட் நின்னு பாடம் நடத்துவேன். நடுவுல வெளிய போனதே கிடையாது."

தலைவருக்கு உதடு லேசாகத் துடித்தது. அடக்கிக்கொண்டார். பிறகு சல்லடையக்காவைப் பார்த்தார்.

"உங்க விஷயம் வேறம்மா. அவங்களுக்குத் தெரியாம நடந்தது. நீங்க தெரிஞ்சே வச்சிருந்தீங்க. மிச்ச அறுபதையும் நீங்களே உங்க கையால உலையில போடணும். ஒண்ணுகூட மிச்சம் வைக்கலன்னு கையெழுத்துப் போடணும். அப்படின்னா நாளைக்கு இறங்கலாம். முடியாதுன்னா கப்பலோட இருங்க."

மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லாத தண்டனை. சல்லடையக்காவுக்கு அப்படியில்லை. அவர் எடுத்த விதை ஒன்றைத் தொலைத்தது வேலையில் சேர்ந்த முதல் வாரம். அதற்கப்புறம் இல்லை.

குப்பை உலை கப்பலின் அடித்தட்டில் இருந்தது. எந்திரச் சத்தத்தில் தரை நடுங்கிற்று. உலைக்காரர் இரும்புக் கதவைத் திறந்து, "டப்பாவோட கவுத்துடுங்கம்மா, ஒரு நொடி வேலை," என்றார். சல்லடையக்கா கவிழ்க்கவில்லை. ஒரு பொட்டலத்தை எடுத்து, மேலே எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்து, போட்டார். அடுத்ததை எடுத்துப் படித்து, போட்டார். பத்தாவதில் கை நின்றது. ஒட்டுப்புல், இரண்டு. அருமையான விதைகள், ஒடியாத முள்ளோடு.

"அம்மா," என்றார் பக்கத்தில் நின்ற தாவரவியலாளர். "பட்டியலை நான் எரிக்கல. அறிக்கையோட சேர்த்து அனுப்பறேன். உங்க கையெழுத்துலயே. அது எத்தனை வருஷமானாலும் இருக்கும். விதை இருந்தா முளைக்கும், எழுத்து முளைக்காது. சாட்சிக்கு எது தேவலை?"

சல்லடையக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இருபது வயது குறைந்தவர் சொல்கிறாரே என்று பார்த்தாரா, முப்பத்து மூன்று வருஷம் இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று பார்த்தாரா, அவருக்கே தெரியாது. பத்தாவதைப் போட்டார். அறுபது வரை நிற்கவில்லை. உலைக்காரர் கடைசி இருபதுக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

மேலே வந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அழித்த முறை என்று ஒரு கட்டம் இருந்தது. தாவரவியலாளர் அதில், எரிக்கப்பட்டது அறுபது என்று எழுதினார். பேனாவைக் கடித்தபடி கொஞ்சம் யோசித்தார். பிறகு அதற்குக் கீழே, விழுங்கப்பட்டது ஒன்று என்று எழுதினார்.

மறுநாள் காலையில் கடல் பாய் விரித்தாற்போல் கிடந்தது. இருவரும் ரப்பர் காலணிகளைத் தொட்டியில் கழுவிக்கொண்டு படகில் இறங்கினார்கள். அதற்கப்புறம் கரையில் நடந்ததைச் சல்லடையக்கா நிலையத்தில் சொன்ன விதத்திலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். ஊர் திரும்பிய மறு வாரம், நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு படியேறினார். நான்கு மேசையிலும் வேலை நின்றது. கண்ணாடிப் பலகையின் விளக்கை யாரும் அணைக்கவில்லை. தேநீர் வந்தது. அவருடைய பழைய நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"கறுப்பு மணல்," என்று ஆரம்பித்தார். "மணல்னா நம்ம மணல் இல்ல, அரிசி மாதிரி கல்லு. பென்குயின் அந்தப் பக்கம் ஒரு ஆயிரம் நிக்குது, ஒரே நாத்தம். நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல. உட்காரக் கூடாது, மண்டி போடக் கூடாது, எதையும் கீழ வைக்கக் கூடாதுங்கறாங்க. சரி, குனியலாமில்ல? இடுப்பு வரைக்கும் குனிஞ்சுட்டேன். லென்ஸைக் கண்ணுல வச்சேன். ஒரு சாண் இடத்தை மனசுக்குள்ள கோடு போட்டுக்கிட்டு, இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்கு, கல்லு கல்லா."

"எவ்வளவு நேரம்க்கா?" என்று கேட்டாள் இப்போது அவருடைய மேசையில் உட்காருகிற பெண்.

"கால் மணி நேரம் இருக்கும்."

"கால் மணி நேரம் குனிஞ்சேவா?"

"குனிஞ்சேதான். கல்லு இருக்கு, நொறுங்கின சிப்பி இருக்கு, ஒரு இறகுத் துணுக்கு இருக்கு. எல்லாம் நாலாவது குவியல். மூணாவதுக்கு ஒண்ணு கிடைக்கணுமே? கிடையாது. சுத்தம். அப்படி ஒரு சுத்தத்தை நீங்க யாரும் பார்த்திருக்க மாட்டீங்க, பார்க்கவும் போறதில்ல."

ஒருவர் இடுக்கியை மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது.

"நிஜமா ஒண்ணுகூட இல்லையாக்கா?"

"இந்தக் கண்ணால பார்த்தேன்கறேன்."

நாத்தனார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தக் கண்ணு இல்லம்மா, இந்தக் கண்ணு," என்றார் தம் முகத்தைச் சுட்டிக்காட்டி. "அண்ணி குனிஞ்சது ஒரு நிமிஷம்கூட இருக்காது. குனிஞ்சதுமே அவங்களுக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு, மூச்சுக் காத்துல லென்ஸும் மங்கிப்போச்சு. 'ஒண்ணும் தெரியலடி, நீ பாரு'ன்னு என் கையில குடுத்துட்டாங்க. நான்தான் குனிஞ்சு பார்த்து இல்லன்னு சொன்னேன். எனக்கு விதை எது, மணல் எதுன்னு தெரியாது அண்ணின்னு அப்பவே சொன்னேன். 'பரவாயில்ல, நீ சொன்னா போதும்'னாங்க."